பயம் ஒரு பக்கம், ஆபத்து மறுபக்கம்

2024 அக்டோபர் 11, மாலை. திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் போகவேண்டிய திசையில் போகாமல் திருச்சி, புதுக்கோட்டை வானத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே சுமார் 140 பயணிகள். தொலைக்காட்சிகள் எல்லாம் நேரலைக்கு வந்துவிட்டன. விமான நிலையத்தில் ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் வரிசை கட்டி நின்றன. இரண்டரை மணி நேரம் கழித்து, இரவு எட்டு மணியைத் தாண்டி, விமானம் தன் சக்கரங்களிலேயே ஒழுங்காக இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிறகு நிறுவனம் ஒரு விளக்கம் கொடுத்தது: விமானிகள் அவசரநிலை எதையும் அறிவிக்கவில்லை, இது முன்னெச்சரிக்கையாக இறங்கியதுதான் என்று.

அந்த விளக்கத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் வீட்டுக்கூடங்களிலும் வாட்ஸப் குழுக்களிலும் ஆளுக்கொரு கதை உருவாகியிருந்தது. அவசரத் தரையிறக்கம் பற்றி நம்மிடம் உலவும் நம்பிக்கைகளைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. பயணிகள் அதிகம் பயப்படுவது வானத்தில் நடப்பதற்கு. உயிர்ச்சேதக் கணக்கைப் புரட்டினாலோ, பல விபத்துகளில் சாவு வந்தது தரையைத் தொட்ட பிறகு. அதுவும் பயணிகள் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதைப் பொறுத்து.

“சுற்றிச் சுற்றி வருகிறதென்றால் இறங்க வழியில்லை என்று அர்த்தம்”

இது தலைகீழான புரிதல். போயிங் 737-800 அதிகபட்சமாகச் சுமார் 79 டன் எடையோடு மேலேறலாம். இறங்கும்போது அனுமதிக்கப்படும் எடை 66 டன் அளவில்தான். நடுவில் உள்ள வித்தியாசம், வழியில் எரிந்து தீரவேண்டிய எரிபொருள். ஹைட்ராலிக் கோளாறு வந்தால் பிரேக்கும் இறக்கையின் மடிப்புகளும் முழு வலுவோடு இயங்காமல் போகலாம். அப்போது விமானம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கி, கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். திருச்சி ஓடுதளத்தின் நீளமோ ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். எடை குறைந்தால் நிறுத்துவது எளிது. எனவே விமானி எரிபொருளை எரித்துத் தீர்க்கிறார்.

“கீழே கொட்டிவிட வேண்டியதுதானே?” என்று அன்று பலர் கேட்டார்கள். 737, ஏ320 போன்ற சிறிய ஜெட்களில் அந்த வசதியே கிடையாது. 777, 747 போன்ற பெரிய விமானங்களில்தான் உண்டு. போதிய உயரத்தில் திறந்துவிட்டால் எரிபொருள் தரையை எட்டும் முன்பே பெரும்பாலும் ஆவியாகிவிடும். தாழ்வாகப் பறக்கும்போது திறந்தால் என்ன ஆகும் என்பதை 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பார்த்தது. டெல்டா நிறுவனத்தின் 777 ஒன்று கொட்டிய எரிபொருள் பள்ளிக்கூட மைதானங்களில் நின்ற பிள்ளைகள் மேலேயே விழுந்தது.

நிஜமாகவே தலைக்கு மேல் வெள்ளம் போனால், உதாரணமாக விமானத்துக்குள் தீப்பிடித்தால், எந்த விமானியும் எடைக்கணக்குப் பார்க்க மாட்டார். அதிக எடையோடு இறங்கவும் விமானங்களால் முடியும். இறங்கிய பிறகு பொறியாளர்கள் சக்கரங்களையும் உடற்பகுதியையும் சோதிப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே ஒரு விமானம் மணிக்கணக்கில் சுற்றுகிறது என்றால், அவசரப்படத் தேவையில்லை என்று விமானிகள் முடிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

2005 செப்டம்பர் 21 அன்று ஜெட்புளூ நிறுவனத்தின் ஏ320 ஒன்றில் முன் சக்கரம் பக்கவாட்டில் 90 பாகை திரும்பிக்கொண்டது. சுமார் மூன்று மணி நேரம் கலிபோர்னியா வானில் சுற்றினார்கள். அந்த விமானத்தில் இருக்கைக்கு இருக்கை நேரலைத் தொலைக்காட்சி உண்டு. தங்கள் விமானம் என்ன ஆகப் போகிறது என்று நிபுணர்கள் விவாதிப்பதைப் பயணிகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள். அதைவிடப் பெரிய தண்டனை இருக்குமா என்று தெரியவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் முன் சக்கரம் தீப்பொறி பறக்க ஓடுதளத்தில் உரசிக்கொண்டே போய் விமானம் நின்றது. எல்லோரும் படிக்கட்டில் இறங்கி வந்தார்கள்.

இப்படிப்பட்ட நேரங்களில் ஓடுதளம் முழுக்க நுரை தெளிப்பார்கள் என்பதும் பழைய சினிமா காட்டிய வழக்கம். 1980களிலேயே அமெரிக்க விமானத் துறை அதைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது. நுரையைத் தரையில் பரப்பித் தீர்ப்பதைவிட, தீயணைப்பு வண்டியில் கையிருப்பாக வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. பாதி வழியில் வேறு ஊரில் இறங்கும் விமானம் என்றாலே இயந்திரக் கோளாறு என்று நினைக்கிறோம். பல சமயம் காரணம் பயணிகளில் ஒருவரின் மாரடைப்போ வலிப்போ மயக்கமோதான். 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 600 விமானப் பயணங்களுக்கு ஒன்றில் மருத்துவ அவசரம் நேர்கிறது என்று கணக்கிட்டது. அவற்றில் சுமார் ஏழு சதவீதத்தில் விமானம் திருப்பிவிடப்பட்டது. அந்த விமானங்களின் எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை.

“எஞ்சின் நின்றால் கல்லுபோல விழும்”

ஒரு எஞ்சின் நின்றால் ஒன்றும் ஆகாது. இரட்டை எஞ்சின் விமானங்கள் ஒற்றை எஞ்சினில் பறக்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. இரண்டுமே நின்றால்? அப்போதும் விமானம் விழுவதில்லை, சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. மேட்டிலிருந்து பெடல் மிதிக்காமல் சைக்கிளில் வருவதுபோல, உயரத்தைச் செலவழித்துத் தூரத்தை வாங்கிக்கொள்கிறது. 35,000 அடி உயரத்தில் எஞ்சின்கள் அணைந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போகலாம்.

இதற்கு மேசைக் கணக்கைவிட நல்ல சாட்சி 2001 ஆகஸ்ட் 24. டொரான்டோவிலிருந்து லிஸ்பன் சென்ற ஏர் டிரான்சாட் ஏ330 விமானத்தில் எரிபொருள் கசிந்து அட்லாண்டிக் கடலுக்கு மேலே சுத்தமாகத் தீர்ந்துபோனது. 306 பேர் உள்ளே. எஞ்சின் சத்தமே இல்லாத விமானத்தை கேப்டன் ராபர்ட் பிஷே சுமார் 19 நிமிடம், 120 கிலோமீட்டர் தூரம் சறுக்கவிட்டு, அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் விமானதளத்தில் இறக்கினார். டயர்கள் வெடித்தன, ஆனால் அனைவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். 18 பேருக்குக் காயம். எப்போது பட்டது தெரியுமா? அந்த 19 நிமிடத்தில் அல்ல. விமானம் நின்ற பிறகு, வெளியேறும்போது.

1983 ஜூலை 23-ல் கனடாவின் ஏர் கனடா 143-க்கு நடந்ததும் இதே ரகம். 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. கிலோவுக்கும் பவுண்டுக்கும் நடந்த குளறுபடியில் ஏறக்குறைய பாதிதான் தொட்டியில் இருந்தது. 41,000 அடியில் புத்தம் புதிய 767 எரிபொருள் இன்றி அடங்கியது. ஓட்டிய பாப் பியர்சன் கிளைடர் பறக்கவிட்டுப் பழகியவர். கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படை ஓடுதளத்தைப் பிடித்தார். அது அதற்குள் கார்ப் பந்தயத் தடமாக மாறியிருந்தது. அன்று அங்கே ஆட்களும் இருந்தார்கள். முன் சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் உரச, 69 பேரும் பிழைத்தார்கள். சிலருக்குச் சிறு காயம். மூக்கு இறங்கியதால் வால் உயர்ந்துவிட்டது; பின்கதவின் சறுக்குமெத்தை செங்குத்தாகத் தொங்கியது; அதில் இறங்கியவர்களுக்குத்தான் அடி. மறுபடியும் அதே கதை.

“விமானி எதையோ மறைக்கிறார்”

அறிவிப்பு வராவிட்டால் மனம் தானாகக் கெட்டதை எழுதிக்கொள்ளும். ஆனால் விமானிகளுக்குச் சொல்லித்தரப்படும் வரிசையே அப்படி: முதலில் விமானத்தைப் பறக்கவிடு, பிறகு எங்கே போவது என்று பார், அதற்கப்புறம் பேசு. முதல் பத்து நிமிடம் ஒலிபெருக்கி மௌனமாக இருந்தால் காக்பிட்டில் வேலை மும்முரமாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கேபின் ஊழியர்கள் இண்டர்காமில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதும், திடீரென்று உணவு வண்டிகளை உள்ளே தள்ளுவதும் ஒத்திகை பார்த்த வேலைகள்தான். முகத்தைப் படித்து விதியைத் தெரிந்துகொள்ள முயல்வது வீண். சிரித்த முகத்தோடு இருக்கவும் அவர்களுக்குப் பயிற்சி உண்டு.

மறைக்காத விமானிக்கு எடுத்துக்காட்டு, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9-ன் எரிக் மூடி. 1982 ஜூன் 24 இரவு, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த 747-ன் நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவர் ஒலிபெருக்கியை எடுத்து, சிறிய பிரச்சினை ஒன்று, நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன, மறுபடி இயக்கப் பெருமுயற்சி செய்கிறோம், நீங்கள் அதிகம் கலங்கவில்லை என்று நம்புகிறேன் என்கிற அர்த்தத்தில் பேசினார். ஒளிவுமறைவே இல்லை. கேட்டவர்களுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்பது வேறு விஷயம். சாம்பலை விட்டு வெளியே வந்ததும் எஞ்சின்கள் உயிர்பெற்றன. மீண்டும் ஒன்று பழுதாக, மூன்று எஞ்சினோடு, சாம்பல் உரசி மங்கிய கண்ணாடி வழியே பார்த்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள்.

“பை உப்பவில்லை, மாஸ்க் வேலை செய்யவில்லை”

ஆக்சிஜன் மாஸ்க் தொங்கும்போது அதனோடு இருக்கும் பிளாஸ்டிக் பை உப்பாமல் போகலாம். பயணத்துக்கு முன் காட்டும் செய்முறை விளக்கத்திலேயே இதைச் சொல்கிறார்கள், யார் கேட்கிறார்கள்? மாஸ்கை நன்றாக இழுத்தால்தான் ஆக்சிஜன் ஓட்டம் தொடங்கும் என்பதும் அதே விளக்கத்தில் உண்டு. பல விமானங்களில் இந்த ஆக்சிஜன் சிலிண்டரில் இருந்து வருவதில்லை. தலைக்கு மேலுள்ள சிறிய பெட்டியில் நடக்கும் ரசாயன வினையில் உண்டாகிறது. அந்தப் பெட்டி சூடேறும், லேசாகக் கருகல் வாடை வரும். உடனே தீப்பிடித்துவிட்டது என்று ஒருவர் கத்தினால் முழு கேபினும் கத்தும்.

இந்த ஆக்சிஜன் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குத்தான் வரும் என்பது இன்னொரு திகில். அது போதும். காற்றழுத்தம் போனதும் விமானி மூக்கைக் கீழே குத்தி 10,000 அடிக்கு இறங்குவார். அங்கே மாஸ்க் இல்லாமலே மூச்சு விடலாம். அந்தச் செங்குத்தான இறக்கத்தைத்தான் பயணிகள் பலர் “விமானம் விழுந்தது” என்று பிறகு சொல்கிறார்கள்.

நேரம் இல்லாதது வேறொரு விஷயத்தில். 35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் ஒருவர் நிதானமாக யோசித்துச் செயல்படக்கூடிய நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான். முதலில் உங்கள் மாஸ்க், பிறகு குழந்தையின் மாஸ்க் என்று சொல்வது இதனால்தான். நம் ஊர் அம்மாக்களுக்கு இது சுயநலமாகப் படும். ஆனால் அம்மா மயங்கிவிட்டால் குழந்தைக்கு மாட்டிவிட ஆள் இல்லை. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் எஞ்சின் உடைந்து ஜன்னல் ஒன்று நொறுங்கியது. பயணி ஒருவர் இறந்தார். உள்ளே எடுக்கப்பட்ட படங்களில் பலர் மாஸ்கை வாயில் மட்டும் வைத்திருந்தார்கள், மூக்கு வெளியே. கொரோனா காலத்தில் நாம் பார்த்துப் பழகிய காட்சி, இரண்டு வருடம் முன்பே.

“யாராவது பயந்து கதவைத் திறந்துவிட்டால்?”

உயரத்தில் பறக்கும்போது முடியாது. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கதவைப் பல டன் எடைக்குச் சமமாக அதன் சட்டத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும். தரைக்கு அருகில் இந்த அழுத்தம் குறைந்துவிடும். 2023 மே மாதம் தென்கொரியாவின் டேகு நகரில் ஏசியானா விமானம் இறங்கிக்கொண்டிருந்தபோது, சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஒரு பயணி அவசரகாலக் கதவைத் திறந்தேவிட்டார். விமானம் திறந்த கதவோடு பத்திரமாக இறங்கியது.

“குனியச் சொல்வது பிணத்தை அடையாளம் காணத்தான்”

தலையைக் குனிந்து முன் இருக்கையில் ஒட்டிக்கொள்ளச் சொல்வது பல் சேதமாகாமல் இருக்க, பிறகு பல்லை வைத்து ஆளை அடையாளம் காண என்று ஒரு கதை. இன்னும் ஒரு படி மேலே போய், பிழைத்தால் நிறுவனத்துக்கு நஷ்டஈடு அதிகம், அதனால் கழுத்து முறிந்து உடனே சாகட்டும் என்று. இந்த இரண்டு கதைகளும் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. இவ்வளவு யோசித்து வில்லத்தனம் செய்யும் திறமை விமான நிறுவனங்களுக்கு இருந்தால் அவை பெட்டியைத் தொலைக்காமலாவது இருந்திருக்கும்.

நடந்தது இது. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் ஊருக்கு அருகே நெடுஞ்சாலைக் கரையில் ஒரு 737 விழுந்தது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குத் தலையிலும் கால்களிலும் மோசமான காயங்கள். கால் உடைந்தவர் எரியும் விமானத்திலிருந்து எப்படி ஓடுவார்? அந்தக் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்துதான் இன்றைய குனியும் நிலை திருத்தி அமைக்கப்பட்டது. தலை ஏற்கெனவே முன் இருக்கையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மோதும் வேகம் குறைவு. பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துத் தரையில் ஊன்றினால், கால்கள் முன்னால் வீசப்பட்டு இருக்கைக் கம்பியில் அடிபடுவதும் குறையும். விமானம் நின்றதும் சொந்தக் காலில் எழுந்து நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

“தரை தொட்டதும் கண்டம் கழிந்தது”

சக்கரம் தரையைத் தொட்டதும் கைதட்டுவார்கள். சிலர் எழுந்து நிற்பார்கள். ரியாத் விமான நிலையத்தில் 1980 ஆகஸ்ட் 19 அன்று நடந்ததை அறிந்தவர் கைதட்ட யோசிப்பார். ஜெட்டாவுக்குக் கிளம்பிய சவூதியா 163, பின்பக்கச் சரக்கு அறையில் புகை தெரிந்ததும் திரும்பிவந்து நல்லபடியாகவே இறங்கியது. ஆனால் உடனே நிற்காமல் ஓடுதளத்தின் கடைசிவரை போய்த் திரும்பி நின்றது. அதன் பிறகும் எஞ்சின்கள் சில நிமிடம் ஓடிக்கொண்டிருந்ததால் மீட்புக் குழு அருகே போக முடியவில்லை. கதவு திறக்கப்பட்டபோது இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. உள்ளே இருந்த 301 பேரும் புகையில் இறந்துபோயிருந்தார்கள். இறங்கிய பிறகு, முழுசாக இருந்த விமானத்துக்குள்.

மூன்றாண்டு கழித்து 1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா 797 கழிப்பறைப் பக்கம் கிளம்பிய புகையோடு அமெரிக்காவின் சின்சினாட்டியில் இறங்கியது. ஊழியர்கள் ஈரத் துண்டுகளைக் கொடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கதவுகள் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. ஒன்றரை நிமிடத்துக்குள் கேபின் முழுக்கத் தீ பரவியது. 46 பேரில் 23 பேர் வெளியே வரவில்லை. இன்று விமானத்தின் நடைபாதை ஓரத்தில் தரையோடு ஒளிரும் விளக்குகளும் கழிப்பறையில் புகை உணரியும் கட்டாயமானதற்கு இந்த விபத்து முக்கிய காரணம். புகையில் கண் தெரியாது, தரையை ஒட்டித்தான் கொஞ்சம் தெளிவு இருக்கும். இரவில் இறங்கும்போது விளக்குகளைக் குறைப்பதும், ஜன்னல் மறைப்பை உயர்த்தச் சொல்வதும் இந்த நிமிடத்துக்காகத்தான். கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும், எந்தப் பக்கம் தீ என்று வெளியே பார்க்க முடிய வேண்டும்.

அப்படியானால் எந்த அவசரத் தரையிறக்கமானாலும் நின்றவுடன் குதித்துவிட வேண்டுமா? அதுவும் இல்லை. 2010 நவம்பர் 4-ல் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸ் 32 என்ற ஏ380-ன் இரண்டாம் எஞ்சின் வெடித்து இறக்கையைத் துளைத்தது. 469 பேர். சாங்கி விமான நிலையத்தில் இறக்கிய பிறகும் கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி யாரையும் வெளியே விடவில்லை. கீழே எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது, பிரேக்குகள் பழுக்கக் காய்ந்திருந்தன, முதலாம் எஞ்சின் அணைக்க அணைக்க அணையாமல் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டு மாடி உயரத்திலிருந்து சறுக்குமெத்தை வழியே முதியவர்களையும் குழந்தைகளையும் அந்தக் களத்துக்குள் இறக்குவதைவிட உள்ளே உட்கார வைப்பதே மேல் என்று கணக்கிட்டார். சுமார் ஐம்பது நிமிடம் கழித்து, தீயணைப்பு வீரர்கள் நுரை தெளித்த பிறகு, ஒரே படிக்கட்டு வழியாக எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

ரியாத்தில் உட்கார்ந்திருந்தது சாவு. சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தது பிழைப்பு. இரண்டில் எது என்று ஜன்னலோர இருக்கையிலிருந்து பயணி தீர்மானிக்க முடியாது. அதனால்தான் ஊழியர்களின் கட்டளைக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள். கட்டளை வந்துவிட்டால் அவர்கள் கத்துவார்கள், மரியாதை பார்க்க மாட்டார்கள், தயங்கி நிற்பவரைத் தள்ளியும் விடுவார்கள். ஆபத்தில் எல்லோரும் அலறியடித்து ஓடுவார்கள் என்று சினிமா சொல்கிறது. நிஜத்தில் பலர் உறைந்துபோய் இருக்கையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். சிலர் காரில் அழுத்தும் பொத்தானை இடுப்போரம் தேடிக்கொண்டு சீட் பெல்ட்டோடு போராடுகிறார்கள். அந்தக் கத்தல் அவர்களை எழுப்ப.

“தண்ணீர் என்றால் முதலில் லைஃப் ஜாக்கெட்டை ஊது”

1996 நவம்பரில் கடத்தப்பட்ட எத்தியோப்பியன் 961 எரிபொருள் தீர்ந்து கொமரோஸ் தீவுக் கடலோரம் விழுந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். மோதலில் பிழைத்த சிலர், முன்கூட்டியே உள்ளேயே ஜாக்கெட்டை ஊதியிருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற ஜாக்கெட் அவர்களைக் கூரையோடு சேர்த்துத் தூக்கியது. கதவு தண்ணீருக்குக் கீழே. முங்கி நீந்தவும் விடாது ஊதிய ஜாக்கெட். வாசலைத் தாண்டிய பிறகு ஊதுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காக.

எதிர் உதாரணம் நியூயார்க். 2009 ஜனவரி 15-ல் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் போன ஏ320-ஐ சல்லி சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார், 155 பேரும் பிழைத்தார்கள். உறைபனிக்கால ஆற்றின் நடுவே இறக்கைமேல் நின்றவர்களில் பலரிடம் ஜாக்கெட் இல்லை. இருக்கைக்குக் கீழே இருந்ததைப் பெரும்பாலோர் எடுக்கவே இல்லை. படகுகள் சில நிமிடங்களில் வந்துசேர்ந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

“ஒரு பையை எடுக்க எவ்வளவு நேரமாகிவிடும்?”

இந்த ஒரு நம்பிக்கையின் மேல் எனக்குக் கோபமே உண்டு. 2016 ஆகஸ்ட் 3, திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் 777. இறங்கும்போது மறுபடி மேலேற முயன்று ஓடுதளத்தில் மோதி எரிந்தது. 300 பேர். உள்ளே எடுத்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம்: புகை சூழ, மேலே பெட்டி அறைகளைத் திறந்து ஆட்கள் பைகளை இழுத்துக்கொண்டிருக்க, ஊழியர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடுங்கள் என்று கத்துகிறார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். சில நிமிடங்களில் விமானம் வெடித்து, தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார்.

உடனே “நம்ம ஆட்களே இப்படித்தான்” என்று பேச ஆரம்பித்தார்கள். அதுவும் தவறு. அமெரிக்கா, ரஷ்யா என்று எல்லா ஊர் விபத்துகளிலும் மக்கள் பையோடு சறுக்கி வரும் படங்கள் உண்டு. பாஸ்போர்ட்டும் சம்பாதித்த பணமும் அந்தப் பையில்தான் என்கிற வளைகுடாத் தொழிலாளியின் கணக்கு எனக்குப் புரியாமலில்லை. ஆனால் பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

புதிய ரக விமானம் அனுமதி பெற, பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, அரையிருட்டில், எல்லோரையும் 90 வினாடிக்குள் வெளியேற்றிக் காட்ட வேண்டும். அந்தச் சோதனையில் யாரும் மேலே இருந்து பெட்டியை இறக்குவதில்லை. ஒருவர் ஐந்து வினாடி நின்றால் அவருக்குப் பின்னால் முழு வரிசையும் ஐந்து வினாடி நிற்கிறது. பெட்டியின் முனை சறுக்குமெத்தையைக் கிழித்துவிட்டால் அந்தக் கதவே போச்சு.

2024 ஜனவரி 2-ல் டோக்கியோவின் ஹனேடாவில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 516, ஓடுதளத்தில் நின்ற கடலோரக் காவல் விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏ350-ல் இருந்த 379 பேர்? ஒலிபெருக்கி செயலிழந்துவிட்டது, எட்டுக் கதவுகளில் மூன்றுதான் உதவின, ஊழியர்கள் மெகாஃபோனிலும் வெறும் குரலிலும் வழிநடத்தினார்கள். எல்லோரும் வெளியே வந்த பிறகே விமானம் முழுதாக எரிந்து சாம்பலானது. அத்தனை பெட்டிகளும் உள்ளேயே எரிந்தன.

“வால்பக்க இருக்கைதான் பத்திரம்”

எப்படி மோதும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சொல்லலாம். 1989-ல் அமெரிக்காவின் சூ சிட்டியில் உடைந்து உருண்ட யுனைடெட் 232-ல் 112 பேர் இறந்து 184 பேர் பிழைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் ஒருவர் போனார், ஒருவர் நடந்து வந்தார். எண் ராசி பார்த்து இருக்கை வாங்குவதற்குப் பதில், உட்கார்ந்ததும் முன்னும் பின்னும் எத்தனை வரிசை தாண்டினால் கதவு என்று எண்ணிவைப்பது பயன்படும்; புகையில் கையால் தடவிக்கொண்டு போகும்போது அந்த எண்தான் வழி. பெரும்பாலும் அதற்குத் தேவையும் வராது. 1983 முதல் 2000 வரை அமெரிக்க நிறுவனங்களின் விமான விபத்துகளில் சிக்கியவர்களை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எண்ணிப் பார்த்தது. 95 சதவீதத்துக்கும் மேல் பிழைத்திருந்தார்கள்.

“அந்த விமானத்தில் இனி யார் ஏறுவார்கள்?”

ராசியில்லாத வண்டி என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று நினைத்தால், விமான நிறுவனங்களுக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. குவான்டாஸ் 32-ன் ஏ380-ஐ ஏறத்தாழ 14 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் பழுதுபார்த்து 2012 ஏப்ரலில் மறுபடி பறக்கவிட்டார்கள். கிம்லியில் மூக்கு உரசிய 767, அங்கேயே தற்காலிகமாகச் சரிசெய்யப்பட்டுத் தானே பறந்து பணிமனைக்குப் போனது. அதன் பிறகும் சுமார் 25 ஆண்டு பயணிகளை ஏற்றியிறக்கிவிட்டு, 2008 ஜனவரியில் ஓய்வுபெற்றது. கடைசிப் பயணத்தில் பாப் பியர்சனும் அவருடைய துணை விமானியாக இருந்தவரும் அதில் பயணிகளாக வந்தார்கள். இந்த முறை எரிபொருளைச் சரிபார்த்தது வேறு யாரோ.